கறிவேப்பிலை வைத்த பக்கம்

எனக்கு இயந்திரப் பைத்தியம் உண்டு. மறைத்துப் பயனில்லை, மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். மாட வீதியில் என் வயதுப் பெண்கள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் ரிச்சி தெருவில் வயரை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பாடும் கருவி, ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு, கை தட்டினால் சுற்றும் மின்விசிறி எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. மின்விசிறி மட்டும் டி.வி.யில் யாராவது கை தட்டினாலும் சுற்றும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் நான் பையோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எதை எடுத்துண்டு வந்திருக்கே? அதுக்கும் நான்தான் தள்ளி உக்காரணுமா?" என்று கேட்பார்.

பிழைப்புக்கு நான் நூலகர். ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்கள் உள்ள ஓர் அறை என் ராஜ்ஜியம். கீழே இளநீர்க் கடையும் ஆட்டோ ஸ்டாண்டும். மத்தியானத்தில் ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டால், அரசியல் பாடம் எடுக்கும் டீச்சர் என் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அடையாறில் ஒரு ஹோட்டலில், நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்திருக்கும் புதுத் தொழில்நுட்பங்களைக் காட்டும் கூட்டம் ஒன்று நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து என்னை அனுப்பினார்கள். திருவிழாக் கடைத்தெருவில் அவிழ்த்துவிட்ட குழந்தை ஆகிவிட்டேன். புத்தகம் அடுக்கும் ரோபோ ஒன்று இருந்தது. அது தரைவிரிப்பின் மடிப்பில் சக்கரம் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணில் மாட்டினால் எகிப்தைக் காட்டும் பெட்டி ஒன்று. அதை மாட்டிக்கொண்டு பிரமிடுக்குள் நுழைந்த ஒரு தலைமையாசிரியர், சாப்பாட்டு மேஜையில் ரசப் பாத்திரத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். இவை எதிலும் நான் விழவில்லை. நான் விழுந்தது ஒரு கதவில்.

கதவு என்றால் மூடித் திறக்கும் கதவு இல்லை. இரண்டு பக்கமும் நிற்கும் இரண்டு பலகைகள், அவ்வளவுதான். ஒவ்வொரு புத்தகத்திலும் சில்லு பதித்த ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டி நிற்கும். பிள்ளைகள் தாங்களே புத்தகத்தை அதன்மேல் வைத்துப் பதிந்து எடுத்துப் போகலாம். பதியாமல் எடுத்துப் போனால் கதவு ரேடியோ அலையால் மோப்பம் பிடித்து அலறும். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. ஆயுளில் பாதியைத் தேதி முத்திரை குத்தியே கழித்தவள் நான்.

தாளாளரிடம் போனேன். அவருக்குப் பாண்டி பஜாரில் பெரிய பாத்திரக்கடை. பள்ளி அவருடைய அப்பா ஆரம்பித்தது. மனிதருக்குப் பாத்திரத்தைத் தவிர எதிலும் முழு நம்பிக்கை கிடையாது. ஆண்டு விழாவில் மற்ற பள்ளிகள் கோப்பையும் சான்றிதழும் கொடுக்கும். எங்கள் பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், எங்களுக்கும், அவர் எவர்சில்வர் டிபன் டப்பா கொடுப்பார். நீள்சதுரம், நல்ல ஆழம், உள்ளே எடுத்து வைக்கும்படி ஒரு தட்டு, நான்கு பக்கமும் கிளிப் போட்ட மூடி. மூடியின்மேல் அவரவர் பெயரைக் கடை ஆளே வந்து உட்கார்ந்து 'டிர்ர்ர்' என்று பொறித்துக் கொடுப்பார். அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு சாம்பார் சிந்தாது என்பது தாளாளர் மேடையில் தவறாமல் சொல்லும் வாசகம்.

"இன்னாம்மா, இது வந்தா புள்ளைங்க நெறைய படிக்குமா?" என்று கேட்டார்.

"படிக்கும் சார்."

"வாங்கித் தரேன். ஆனா எத்தினி புஸ்தகம் வெளிய போச்சுன்னு மாசாமாசம் என் போன்ல வரணும். ஒரு வருசம் பார்ப்பேன். ஓடலைன்னு வெச்சிக்கோங்க, அந்த ரூமை ஸ்மார்ட் கிளாஸுக்குக் குடுத்துருவேன். புஸ்தகத்தை பீரோல போட்டுப் பூட்டிக்கலாம். நீங்க ஃபீஸ் கவுன்ட்டர்ல உக்காந்துக்கோங்க."

ஃபீஸ் கவுன்ட்டருக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கம்பி வலையும் ஒரு ஓட்டையும்தான். இருந்தாலும் நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். என் கதவுமேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

ஜூனில் கதவு வந்தது. மாட்ட வந்த கம்பெனிப் பையன் எதைக் கேட்டாலும் "அடுத்த அப்டேட்ல வந்துடும் மேடம்" என்பான். ஆடி மாதம் பிறந்ததும்தான் என் கதவின் குணம் தெரிந்தது. அதற்கு எங்கள் ஸ்டிக்கருக்கும் வேறு ஸ்டிக்கருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தி.நகர் துணிக்கடைகளில் புடவை மடிப்புக்குள் ஒட்டுகிறார்களே, அந்தச் சில்லுக்கும் அது அலறியது. ஜுரம் என்று அரை நாள் விடுப்பு எடுத்த கணக்கு டீச்சர் மறுநாள் நூலகத்துக்குள் கால் வைத்தார். கதவு போட்ட கூச்சலில் ஆட்டோ ஸ்டாண்டில் சண்டை நின்றது. டீச்சர் புடவையின் கீழ்க்கரையைத் திருப்பிப் பார்த்தால், ஆடித் தள்ளுபடி ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. அதன்பிறகு யார் யார் புதுப் புடவை வாங்கினார்கள் என்பதை நான் பதிவாகத் தெரிந்துகொண்டேன். ஆசிரியைகள் கொஞ்ச நாள் என் அறைப்பக்கமே வரவில்லை.

அது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குள் ஒரு பெண் குரல் குடியிருந்தது. தேன் தடவிய குரல். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் திரைமுன் நிறுத்தி அது சில கேள்விகள் கேட்டது. அதை வைத்து இவள் இன்ன வகுப்பு நிலை என்று முடிவு கட்டிக்கொண்டது. அந்த நிலையைத் தாண்டிய புத்தகத்தை வைத்தால், "மன்னிக்கவும். இந்த நூல் உங்கள் நிலைக்கு உரியதல்ல" என்று சொல்லிவிட்டு, பதிலாக ஒரு படக்கதையைச் சிபாரிசு செய்யும். இந்த நிலைப் பூட்டை எடு என்று கம்பெனிப் பையனிடம் சொன்னேன். அடுத்த அப்டேட்டில் வந்துவிடும் என்றான். தலைமையாசிரியையிடம் முறையிட்டேன். "இருக்கட்டுமே, அததுக்கு ஒரு டிசிப்ளின் வேண்டாமா?" என்றார் அவர். பதியாமல் நானே கையில் கொடுத்து அனுப்பலாம் என்றால் கதவு அலறும். ஒவ்வொரு அலறலும் தலைமையாசிரியையின் போனுக்குச் செய்தியாகப் போகும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அந்தக் குரலை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். "ஹோம்வொர்க் எங்கே?" என்றால், தேன் தடவி, "மன்னிக்கவும். இந்தக் கணக்கு என் நிலைக்கு உரியதல்ல" என்று பதில் வந்தது. வரிசையில் தள்ளினால் "மன்னிக்கவும்." தட்டில் உப்புமாவைப் பார்த்தால் "மன்னிக்கவும்."

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு, அப்பா தையல்காரர், வீட்டில் உருது. பரீட்சை வைத்த அன்று அவளுக்குப் பல்வலி. தாடையைப் பிடித்துக்கொண்டு கண்டபடி அழுத்தியிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு நிலை என்று தீர்ப்பாகிவிட்டது. கடலுக்கு அடியில் வாழும் பிராணிகளைப் பற்றிக் கையடக்கமாக, ஆனால் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு நிலை. தினமும் அதைக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பாள். தினமும் அது மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு முயல் கதையை நீட்டும். ஒரு நாள் என்னிடம் வந்து, "மிஸ், இந்த முயலை எனக்கு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெரியும் மிஸ். எத்தினி தபா பார்க்கறது?" என்றாள். எனக்கு அந்தப் பெட்டியை ஜன்னல் வழியே இளநீர்க் கடைமேல் தூக்கிப் போடலாம்போல ஆத்திரம் வந்தது. கொண்டுவந்தவளே நான்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் கணக்கு சரியத் தொடங்கியது. பதிந்து போகும் புத்தகங்கள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தன. தாளாளரிடமிருந்து போனில் ஒரே வார்த்தை வரும்: "ஓடலையே?" ஆனால் எனக்கு வேறு ஒன்று விளங்கவில்லை. அலமாரிகளில் இடம் காலியாகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நெருக்கியடித்து நின்ற புத்தகங்கள் இப்போது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. புத்தகத்துக்காகக் கதவு ஒரு நாளும் அலறவில்லை.

ஒரு மத்தியானம் அந்தக் கடல் பிராணிகள் புத்தகத்தைப் புரட்டினேன். எழுபதாவது பக்கத்துக்கு அருகில் ஒரு கறிவேப்பிலை. தாளித்த கறிவேப்பிலை. பெட்டியில் வைத்துப் பார்த்தேன். "இந்த நூல் இதுவரை வெளியே செல்லவில்லை" என்றது தேன்குரல். நூலகத்துக்குள் சாப்பாடு கூடாது. கடுகு, உளுந்தோடு தாளித்த இலை தானாக நடந்து வந்து எழுபதாம் பக்கத்தில் படுத்துக்கொள்ளாது. இன்னும் நாலைந்து புத்தகங்களை முகர்ந்து பார்த்தேன். ஒன்றில் எலுமிச்சை சாதம், ஒன்றில் புதினா, மலையேறுகிறவர்களைப் பற்றிய ஒன்றில் சந்தேகமில்லாமல் வெள்ளிக்கிழமை பிரியாணி.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு ஒரு நடை போனேன். அந்தப் பல்வலிப் பெண்ணும் நான்கு தோழிகளுமாக ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து இரண்டே டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டுச் சாதமும் அந்த இரண்டில் கலந்து கிடந்தது. மற்ற மூன்று டப்பாக்களும் கிளிப் மாட்டி, மூடி, பைக்குள் இருந்தன. என்னைப் பார்த்ததும் ஐந்து வாயும் மெல்லுவதை நிறுத்தின. நான் எதுவும் கேட்கவில்லை, மேலே வந்துவிட்டேன். என் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை ஒரு தட்டில் கொட்டி, டப்பாவைக் கழுவித் துடைத்து, உள்தட்டை எடுத்துவிட்டு ஒரு புத்தகத்தை வைத்து மூடினேன். கதவுக்குள் நடந்தேன்.

சத்தமில்லை.

புத்தகத்தை வெளியே எடுத்துக்கொண்டு நடந்தால் அலறுகிறது. டப்பாவுக்குள் வைத்து நடந்தால் ஊமை. ரேடியோ அலை எவர்சில்வரைத் துளைக்காது. அடையாறு ஹோட்டலில் அத்தனை கோட்டு சூட்டு ஆசாமிகளில் ஒருவர்கூட இதை எனக்குச் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வந்ததை, அறையைப் பெருக்க வந்த ஆயா பார்த்துவிட்டாள். "இன்னா மிஸ், சோத்தை எடுத்துக்கினு வாக்கிங் போறீங்க?" என்றாள். டாக்டர் சொன்னார் என்று சமாளித்தேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிக்காதே என்று ஓர் இயந்திரம் சொல்கிறது, அதை ஏமாற்றிப் படிப்பதற்காகப் பிள்ளைகள் சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். இதைவிட ஒரு நூலகருக்கு என்ன வேண்டும்? அந்த வார நூலக வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகப் புத்தகப் பராமரிப்பு பற்றிப் பேசினேன். "புத்தகத்தை எங்கே வைத்தாலும் அந்த இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஊறுகாய் இருந்த இடத்தில் வைக்கவே கூடாது. ரசம் இருந்த இடம் என்றால் நன்றாகத் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும்" என்றேன். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. பல்வலிப் பெண் மட்டும் நிமிர்ந்து, "மீன் குழம்பு மிஸ்?" என்று கேட்டாள். "அந்த டப்பாவை மறந்துவிட வேண்டும்" என்றேன்.

அதன்பின் வியாபாரம் சூடு பிடித்தது. ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று பரவியது. படித்து முடித்ததைக் கொண்டுவந்து அவர்களே அலமாரியில் செருகிவிடுவார்கள், அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். என் பள்ளிக்கூட வாழ்க்கையில் அப்படிப் படித்த பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். பிள்ளைகள் எவ்வளவுக்கு அதிகம் படித்தார்களோ அவ்வளவுக்குத் தாளாளர் போனில் கணக்கு இறங்கியது. பெட்டியைப் பொறுத்தவரை புத்தகங்கள் அலமாரியிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. அரையாண்டு விடுமுறை முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை சார் வர்றார். வருஷம் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாமாம், இப்பவே ரூமை அளந்து பார்க்கணுமாம்" என்றார். வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார். நான் ஃபீஸ் கவுன்ட்டர் கம்பி வலையை நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் மணத்துக்கு வைத்திருந்துவிட்டு, கடைசியில் கறிவேப்பிலையாகத் தூக்கி ஓரமாக வைக்கப்போகிறார்கள்.

உண்மையைச் சொன்னால் அறை தப்பலாம். ஆனால் டப்பாவைப் பற்றிச் சொன்ன மறு நிமிடம் தலைமையாசிரியை எல்லா டப்பாக்களையும் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு மூடியிலும் திருடியின் பெயர் அழகாகப் பொறித்திருக்கிறது. வீட்டிலிருந்து பெற்றோரை வரவழைப்பார்கள். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அந்தத் தகப்பன் தலைகுனிந்து நிற்க வேண்டும். சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. என் கணவர்கூட மின்விசிறியைக் கை தட்டாமல் எழுந்து போய்ப் போட்டார்.

பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பல்வலிப் பெண் வந்து மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரூம் பூடுமா மிஸ்?"

"தெரியலம்மா."

"எல்லாத்தையும் மெஷின்ல திருப்பிக் குடுத்துட்டா, கணக்குல ஏறிடும் இல்ல?"

ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துப் பார்த்தாள். "மன்னிக்கவும். இந்த நூல் வெளியே செல்லவே இல்லை" என்றது பெட்டி. அவள் அதை ஓர் உருது வார்த்தை சொல்லித் திட்டினாள். எனக்கு உருது தெரியாது, நல்லவேளை.

வெள்ளிக்கிழமை தாளாளர் வந்தார். பின்னால் அளவு நாடாவோடு ஒரு ஆள், பக்கத்தில் தலைமையாசிரியை. அந்த ஆள் சுவரோரம் நாடாவைப் பிடித்தார். தாளாளர் அளவைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். ஒரு அலமாரி, அடுத்த அலமாரி என்று பார்த்துக்கொண்டே போனார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஓடலைன்னு போன்ல வருது. ரேக்கு பாதி காலியா கீது. இன்னாம்மா கணக்கு இது?"

சாய்ந்து கிடந்த ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்தேன்.

"பில்லு இல்லாம சரக்கு போயிருக்கு" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

தலைமையாசிரியைக்கு முகம் சிவந்தது. "திருட்டா? யாரு? கதவு இருக்கும்போது எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியும் மேடம். சொல்ல மாட்டேன்" என்றேன். ஃபீஸ் கவுன்ட்டர்கூடக் கிடைக்காது என்று தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. பல்வலிப் பெண் தன் டிபன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் தாண்டி உள்ளே வந்தாள். பின்னால் அந்த நால்வர். அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டு வரை ஒரே தலைகள். நான் யாரையும் வரச் சொல்லவில்லை. அவள் நேரே தாளாளர் முன்னால் போய் டப்பாவை மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு கிளிப்பாக எடுத்தாள். உள்ளே கடல் பிராணிகள்.

"நான்தான் சார் மொதல்ல எடுத்தேன். மிஸ்ஸ ஒண்ணும் சொல்லாதீங்க. படிக்கத்தான் எடுத்தோம்."

தாளாளர் புத்தகத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு நடந்தார். கதவு அலறியது. திரும்பி வந்தார். டப்பாவுக்குள் வைத்து, மூடி, கிளிப் போட்டு, மறுபடி நடந்தார். நிசப்தம். மறுபடியும் திறந்தார். அலறல். மூடினார். நிசப்தம். அவர் முகம் விரிந்துகொண்டே போனது. மூடியை விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"அம்மாடி! நம்ம மூடியைத் தாண்டி அதால பார்க்க முடியலையா? சாம்பார்தான் போகாதுன்னு நெனச்சேன், கரன்ட்டு அலையே போகலையே! நம்ம சரக்குன்னா சும்மாவா!" என்று தலைமையாசிரியையைப் பார்த்துக் கேட்டார். தலைமையாசிரியை கூரையைப் பார்த்தார்.

பிறகு புத்தகத்தைப் பிரித்தார். வாசிக்கப் பிரித்தாரா, வேடிக்கைக்கா, தெரியாது. நின்றபடியே ஒரு பக்கம், இன்னொரு பக்கம். "ஆக்டோபஸுக்கு மூணு இதயமாமே!" என்றார் பொதுவாக எல்லோரிடமும்.

"ரத்தம் நீலம் சார்" என்றாள் அவள்.

"நெசமாவா?" இன்னொரு பக்கம். "இத நான் எடுத்துக்கினு போறேன்மா. பதிஞ்சே எடுத்துக்கினு போறேன்."

புதிய உறுப்பினர் என்று பெட்டியில் அழுத்தினேன். எந்த வகுப்பு வரை படித்தவர் என்று அது எல்லோர் முன்னாலும் உரக்கக் கேட்டது. "ஆசிரியர்னு போட்டுடலாம் சார்" என்றார் தலைமையாசிரியை அவசரமாக.

"பொய் எதுக்கு? எட்டு போடுங்க. எட்டு முடிச்சதும் அப்பா கடையில உக்கார வெச்சிட்டாரு."

போட்டேன். புத்தகத்தை வைத்தார்.

"மன்னிக்கவும். இந்த நூல் உங்கள் நிலைக்கு உரியதல்ல" என்றது குரல், அதே தேனோடு. திரையில் ஒரு முயல் வந்து காதை ஆட்டியது.

எதற்கும் சிரிக்கும் அந்தப் பிள்ளைகள் அப்போது சிரிக்கவில்லை. தாளாளர் திரையைப் பார்த்தபடியே நின்றார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, கையில் எடுக்கக் கூடாத புத்தகம். இத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் மனிதரை எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பல்வலிப் பெண் அவர் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கித் தன் டப்பாவில் வைத்தாள். மூடி, கிளிப்பைப் போட்டு, அவரிடம் நீட்டினாள்.

"இதுல வெச்சி எடுத்துக்கினு போங்க சார். சத்தம் வராது. நான் இன்னும் முடிக்கல. பாதியில கருவேப்பில வெச்சிருக்கேன், அத மட்டும் எடுத்துடாதீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். மூடியில் பொறித்திருந்த அவள் பெயரைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார். கதவை நோக்கி நடந்தார், தாண்டினார். கதவு வாயைத் திறக்கவில்லை. படிக்கட்டில் பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். பாதிப் படியில் நின்று, அளவு நாடாக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அத சுத்தி வெச்சிட்டு வா" என்றார். சாயங்காலம் கம்பெனிக்கு அவரே போன் செய்தார். பூட்டை எடுக்காவிட்டால் கதவையும் பெட்டியையும் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிடுவேன் என்றாராம். அடுத்த அப்டேட் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவருடைய டிரைவர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாகத் தேய்த்து மின்னிக்கொண்டிருந்தது. கனமாக இருந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அவளையே திறக்கச் சொன்னேன். உள்ளே புத்தகம் இல்லை. வாங்கிப்போன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது பாத்திரக்கடைக்காரருக்குத் தெரியாதா? டப்பா நிறைய ஜாங்கிரி.

"புக்கு எங்க மிஸ்?" என்றாள் அவள்.

பெட்டியைக் கேட்டோம். "இந்த நூல் அலமாரியில் உள்ளது" என்றது.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மணிக்கு வந்து, "வந்துதா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மாதக் கடைசியில் என் போனில் தாளாளரின் செய்தி வந்தது. வழக்கம்போல "ஓடலையே"தான் என்று பயந்துகொண்டே திறந்தேன்.

"கருவேப்பிலையைத் தாண்டிட்டேன். எடுக்கலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."